தோற்பாவைக் கூத்தும் இல்லத்துத் திரைவிளக்கும்

ஸ்ரீ:

எம்பெருமானுடைய உத்ஸவத்தை ஸேவித்து இல்லம் திரும்பும் குழந்தைகள் முதலில் செய்வது யாது என்பதைப் பெற்றோர் அறிவர். தீப்பெட்டியில் ஒரு தேர், ஈர்க்கில் ஒரு குடை, அட்டையில் ஒரு திருவாசி என்று தாங்கள் கண்ட புறப்பாட்டைத் தங்கள் வீட்டுத் திண்ணையிலே மறுபடியும் நடத்திப் பார்க்கின்றனர். பெரியோர் இதனை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. கண்ணாலே கண்டதைக் கையாலே செய்து பார்க்கும்போதுதான் அது நெஞ்சிலே நிலைக்கிறது. உத்ஸவம் சில நாள்களே நடைபெறும்; நெஞ்சில் நின்றது ஆயுள் முழுதும் உடன்வரும்.

இக்கருத்தை முன்னிட்டே அடியேன் இத்திருவிழா மலரில் தோற்பாவைக் கூத்தைப் பற்றியும், அதனைத் தாளிலும் அட்டையிலும் வண்ணம்பெற இல்லத்திலேயே அமைத்துக்கொள்ளும் முறையைப் பற்றியும் எழுத முற்படுகிறேன். கல்பாக்கத்திற்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் இடையே அமைந்த அணுபுரம், பல மாநிலத்துக் குடும்பங்கள் ஒன்றாக வாழும் குடியிருப்பு ஆகும். தமிழகம், ஆந்திரம், கேரளம், கன்னடம், ஒடிசா ஆகிய நிலங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிழற்கூத்து மரபு உண்டு. அவ்வனைத்திலும் திரையில் எழுந்தருளும் நாயகன் பெரும்பாலும் இராமபிரானே. மொழியால் வேறுபட்ட அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஒரே திரையின் முன் அமர்வதற்கு இதனினும் பொருத்தமான கலை வேறில்லை.

நூல்களிலே நிழற்கூத்து

இக்கலை மிகப் பழமையானது. திருவள்ளுவர் மரப்பாவையை இரண்டு குறள்களிலே உவமையாக ஆள்கின்றார். மாணிக்கவாசகர் திருவாசகத்திலே தோற்பாவைக் கூத்தையே உவமையாக எடுத்தாள்கின்றார். கேட்போர் நன்கறிந்த பொருளையே புலவர் உவமையாக்குவர். ஆதலின், அக்காலத்துத் தமிழ் மக்கள் இக்கூத்தைக் கண்டு பழகியிருந்தனர் என்பது தெளிவு.

வடமொழியிலே ஸுபடர் என்னும் கவி 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘தூதாங்கதம்’ தன்னைச் ‘சாயா நாடகம்’ என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. சாயை என்பது நிழல். அங்கதன் இராவணனிடம் தூது சென்ற கதையே அதன் பொருள். அச்சொல்லுக்குப் பொருள் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், நிழலும் இராமகதையும் ஒன்றாக வைத்து எண்ணப்படும் இடம் அது.

இவற்றிலும் நாம் ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. மகாபாரதத்துச் சாந்தி பர்வத்திலே, குலத்தில் முன்பு வழக்கமில்லாதவன் புதிதாக மேற்கொள்ளத் தகாதவை என்றும், உலகம் பழிப்பவை என்றும் சில பிழைப்புகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ‘ரூபோபஜீவனம்’. உருவங்களைக் காட்டிப் பிழைத்தல் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் மகாபாரதத்திற்கு உரை கண்ட நீலகண்டர், இச்சொல்லுக்கு விளக்கம் கூறுகையில், மெல்லிய துணியை இடையிட்டு, தோலாற் செய்த உருவங்களைக் கொண்டு அரசர், அமைச்சர் முதலியோருடைய செய்கைகளைக் காட்டுவது என்றும், இது தென்னாட்டாரிடையே பிரசித்தம் என்றும் எழுதிவைத்தார். தென்னாட்டுத் தோற்பாவைக் கூத்துக்கு வடமொழி உரையாசிரியர் ஒருவர் அளித்த சாட்சியம் இதுவாகும்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பழிக்கப்பட்ட பிழைப்பு என்று இதிகாசம் எண்ணிய ஒன்றை ஆஸ்திகர் இல்லத்தில் செய்யலாமோ? செய்யலாம் என்பதே அடியேனுடைய துணிபு. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, அவ்விடத்தில் பேசப்படுவது ஜீவனோபாயம். குழந்தைக்குப் பகவத் கதையைப் புகட்டுவதற்காகச் செய்வது பிழைப்பாகாது; அது கதாச்ரவணத்திற்கு அங்கமாகும்.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. உலகம் எந்த மனிதரைப் பழித்ததோ, அந்த மனிதர் கையாலேயே உலகம் இராமகதையைப் பெற்றுக்கொண்டது. தோற்பாவைக் கூத்து ஊர்ப் பொதுவெளியில் கொட்டகை கட்டி ஆடப்பட்டது. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறும் வரையில் எத்தனையோ கோயில்களின் வாயிலைத் தாண்ட இயலாமல் ஒரு சாரார் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்களும் அக்கொட்டகையிலே அமர்ந்து ஸ்ரீராம பட்டாபிஷேகத்தைக் கண்ணாரக் கண்டனர். கோயிலின் உள்ளே இருந்த நாம் செய்யாததை வெளியே நின்ற கூத்தர் செய்தனர். பழிச்சொல்லை நினைவில் வைப்பவர், இக்கடனையும் நினைவில் வைத்தல் நியாயம்.

கலையைக் காத்த குடும்பங்கள்

தமிழகத்தில் இக்கூத்தை வழிவழியாக ஆடிவருவோர் மண்டிகர் எனப்படுவர். இல்லத்திலே மராட்டி மொழி பேசுவர். மேடையிலே தமிழ் பேசுவர். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நிலைபெற்ற காலத்தை ஒட்டி இவர்களுடைய முன்னோர் தமிழகத்திற்கு வந்தனர் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. ஊர் ஊராகச் சென்று, இராமர் பிறப்பு முதல் பட்டாபிஷேகம் வரை பத்து இரவுகளில் ஆடி முடிப்பது வழக்கம். நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டு. இடையிடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இருவர் தோன்றி அவையோரைச் சிரிக்க வைப்பர். திரைக்குப் பின்னே அமர்ந்த ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் அனுமனுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். கையால் பாவைகளையும் ஆட்டுவார். இன்று கன்னியாகுமரி மாவட்டம் முதலிய இடங்களில் மிகச் சில குடும்பத்தினரே இதனை ஆடி வருகின்றனர்.

கேரளத்திலே பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் முன்னே இக்கூத்துக்கென்றே கூத்துமாடம் கட்டப்பட்டுள்ளது. இராவண யுத்தம் நடந்த காலத்தில் பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்தமையால் அதனைக் காணும் பேறு பெறவில்லை என்றும், அக்குறை தீர ஆண்டுதோறும் அவள் திருமுன் ஆடப்படுகிறது என்றும் ஐதிஹ்யம். தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றிய 21 விளக்குகளே திரைக்கு ஒளி. ஆடுவோர் மலையாளிகள், ஆடப்படுவதோ தமிழ்க் கம்பராமாயணம்! காண்போர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை; தேவி கேட்கிறாள் என்பதே அவர்கள் நம்பிக்கை.

ஆந்திரத்துத் ‘தோலு பொம்மலாட்ட’ உருவங்கள் ஆளுயரம் இருக்கும். கன்னடத்தில் ‘தொகலு கொம்பேயாட்ட’ என வழங்கும். ஒடிசாவின் ‘ராவணச்சாயா’ உருவங்கள் சிறியவை. கை கால் மூட்டும் வண்ணமும் இல்லாமல் கருநிழலாகவே விழும். கடல் கடந்த சாவகத்தின் ‘வயாங் கூலித்’ கூத்திலும் இராமாயண பாரதக் கதைகளே ஆடப்படுகின்றன. அங்கே நல்லோரின் பாவைகளை வலப்புறமும் தீயோரின் பாவைகளை இடப்புறமும் நிறுத்துவர். 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை மானிட குலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

நம் அரசும் இக்கலைஞரை அண்மையில் சிறப்பித்துள்ளது. ஆந்திரத்து தளவாயி சலபதி ராவுக்கு 2020இலும், கேரளத்து இராமச்சந்திரப் புலவருக்கு 2021இலும், கன்னட நாட்டு மூதாட்டி பீமவ்வா தொட்டபாலப்பா சிள்ளேக்யாதருக்கு 2025இலும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட தொழில் நாட்டின் விருதைப் பெற்றது கண்டு நாம் மகிழ வேண்டும்.

தோலும் தூய்மையும்

மரபுவழிப் பாவை ஆட்டுத் தோலால் ஆவது. தோலை ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, நாற்புறமும் முளையடித்து இழுத்து வெயிலில் உலர்த்துவர். அப்போது அது ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு போலாகிவிடும். அதன்மேல் உருவம் எழுதி, சிற்றுளியால் அணிகலன்களுக்குத் துளையிட்டு, இருபுறமும் சாயம் தீட்டி, கை கால்களை நூல் முடிச்சால் இணைத்து, நடுவே பிளந்த மூங்கிலைச் செருகிக் கட்டுவர்.

தோல் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் நம்மில் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். உபநயனத்திலே பிரம்மசாரிக்கு மான்தோல் விதிக்கப்பட்டிருக்கிறது. வேள்வியிலே கிருஷ்ணாஜினம் உண்டு. எம்பெருமான் புறப்பாட்டில் முன்னே முழங்கும் தவிலும் மத்தளமும் தோல் போர்த்தவையே. ஆகவே தோல் என்பதனாலேயே ஒரு பொருள் தீட்டாகிவிடாது. அது எப்பணியில் அமர்கிறது என்பதைக் கொண்டே அதற்குத் தகுதி ஏற்படுகிறது.

ஆயினும், இல்லத்தில் செய்வதற்குத் தோல் வேண்டுவதில்லை. அதனைப் பதப்படுத்துதல் பழகிய கைகளுக்கே உரிய வேலை. மான்தோலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. குழந்தைகளின் கைக்குத் தாளும் அட்டையுமே ஏற்றவை. எவ்வுயிர்க்கும் தீங்கில்லாதபடி அமைவது நம் ஸம்பிரதாயத்திற்கும் உகந்ததே.

வேண்டும் பொருள்கள்

கெட்டியான கறுப்பு அட்டை, வெள்ளை வரைதாள், நீரில் கரையும் வண்ண மை அல்லது மெழுகு வண்ணக் கட்டி, பசை, சிறிது தேங்காயெண்ணெய், பஞ்சு, கத்தரி, சிறு கத்தி, தடித்த ஊசியும் நூலும், தென்னை ஈர்க்கு, பென்சில் பருமனுள்ள மூங்கில் குச்சி, வெள்ளை நூல் வேட்டி ஒன்று, எல்.இ.டி. பல்பு ஒன்று. இவ்வளவே. கத்தியைப் பெரியவரே கையாள வேண்டும்.

அட்டைக்காகப் பழைய திருமண அழைப்பிதழ்களையும் நாள்காட்டிகளையும் எடுப்போர் உண்டு. அவற்றில் எம்பெருமானுடைய திருவுருவமோ திருநாமமோ அச்சாகியிருந்தால் அவற்றின்மீது கத்தி வைத்தல் தகாது. அப்பகுதியைத் தவிர்த்து வேறு தாள் கொள்க.

பாவை செய்யும் முறை

முதலில் உருவத்தைத் தாளில் எழுதிக்கொள்க. நிழலுக்கு மூக்கும் உதடும் தெரிந்தால்தான் முகம் என்று விளங்கும். ஆகையால் முகத்தைப் பக்கவாட்டில் எழுதுதல் வேண்டும். கண்ணை மட்டும் பெரிதாக, முழுமையாக எழுதலாம். கைகளை உடலோடு ஒட்டாமல் தனியே எழுதுக. ஓரடி உயரம் போதும்.

அவ்வுருவத்தைக் கறுப்பு அட்டையில் பதித்து, ஆடை, அணி, மாலை ஆகிய இடங்களைச் சாளரங்களைப் போல் வெட்டி நீக்குக. உள்ளே உள்ள சாளரங்களை முதலில் வெட்டி, வெளிக்கோட்டை இறுதியில் வெட்டுக. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் அட்டை தளர்ந்து, உள்வேலை செய்யும்போது மடங்கிக் கிழியும். சாளரத்திற்கும் சாளரத்திற்கும் இடையே கால் அங்குலமாவது கறுப்பு விளிம்பு நிற்கட்டும். கிரீடத்திலும் மார்பணியிலும் ஊசியால் நெருக்கமாகக் குத்திய துளைகள் திரையில் ரத்தினங்களாக மின்னும்.

அடுத்து வண்ணம். வெள்ளைத் தாளில் சாளரங்களின் அளவைக் குறித்துக்கொண்டு, மை தீட்டி நன்றாக உலரவிடுக. போஸ்டர் கலர் போன்ற கெட்டி வண்ணம் உதவாது. அது ஒளியைத் தடுத்துக் கருநிழலாக்கிவிடும். வண்ணத்தை நீங்கள் நினைப்பதைவிட அழுத்தமாகவே தீட்டுக. பின்னே விளக்கு வந்ததும் பாதி வெளுத்துத் தோன்றும். பிறகு அத்தாளை அட்டையின் பின்புறம் பசையிட்டு ஒட்டுக. பசை காய்ந்த பின்னரே, பஞ்சில் சில துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் தாளின் பின்புறம் தடவுக. எண்ணெய் பட்ட தாளில் பசை ஒட்டாது. ஆதலால் இம்முறையை மாற்றலாகாது. பழைய செய்தித்தாளின் நடுவே ஒரு நாள் வைத்தெடுத்தால் மிகுந்த எண்ணெய் வடிந்துவிடும்.

எண்ணெய் பட்ட தாள் ஒளி விடுவதன் காரணத்தைக் குழந்தைகள் கேட்பர், சொல்லிக் கொடுங்கள். தாள் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நார்களுக்கு இடையே காற்று நிற்கிறது. நாரிலிருந்து காற்றிற்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிச் செல்லும் ஒளி, திசை சிதறி, உட்புகாமல் திரும்புகிறது. எண்ணெய் அக்காற்றை விலக்கி அவ்விடத்தில் அமர்கிறது. எண்ணெயும் நாரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. ஆகையால் சிதறல் குறைந்து ஒளி நேரே செல்கிறது. அணு ஆராய்ச்சி செய்யும் தந்தையரும் தாயரும் உள்ள ஊரிலே இதனை இன்னும் நுட்பமாக எடுத்துரைப்போர் இருப்பர்.

எண்ணெய் வேலை வேண்டாதவர், கடையில் விற்கும் நிறமுள்ள ஜெலட்டின் தாளைச் சாளரங்களில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதில் சிறு கோடுகளும் நிழல் வண்ணமும் தீட்ட முடியாது.

தோளிலும் முழங்கையிலும் இரு துண்டுகளும் ஓர் அங்குலம் மேற்படும்படி வைத்து, ஊசியால் துளையிட்டு நூலைக் கோத்து, இருபுறமும் முடிச்சிடுக. முடிச்சு இறுகினால் கை அசையாது. மிகத் தளர்ந்தால் துவண்டு விழும். ஒரு கை அசைந்தால் போதும். இரண்டையும் அசைக்க முயன்றால் ஆட்டுவோருக்குக் கைகள் போதா. மூங்கில் குச்சியை நுனியிலிருந்து பிளந்து, தலை முதல் பாதம் வரை பாவையை இடுக்கி நூலால் கட்டுக. அடியில் நான்கு அங்குலம் கைப்பிடியாக நிற்கட்டும். அசையும் கையின் மணிக்கட்டில் ஈர்க்கு ஒன்றைக் கட்டிவிடுக.

திரையும் விளக்கும்

வேட்டியைச் சுருக்கமின்றி வாயில் நிலையிலோ இரு நாற்காலிகளின் நடுவிலோ இழுத்துக் கட்டுக. விளக்கு, திரைக்குப் பின்னே நான்கடி தூரத்தில், ஆட்டுவோரின் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். அப்போதுதான் ஆட்டுவோரின் நிழல் திரையில் விழாது.

பாவை திரையோடு ஒட்டியிருந்தால் நிழல் அதன் அளவே விழும். கோடு கூர்மையாகவும் வண்ணம் தெளிவாகவும் தோன்றும். பாவையை விளக்கை நோக்கிப் பின்னே கொண்டுவந்தால் நிழல் பெருகும், வண்ணம் மங்கும். நான்கடித் தூரத்தின் நடுவே, அதாவது விளக்கிலிருந்து இரண்டடியில் பாவை நின்றால் நிழல் இருமடங்காகும். ஓரடியில் நின்றால் நான்கு மடங்காகும். அனுமன் விச்வரூபம் எடுப்பதற்கு வேறு பாவை வேண்டுவதில்லை. விளக்கை நோக்கிப் பின்வாங்கினால் போதும்.

இரண்டு பாவைகளை ஒன்றன்மேல் ஒன்று படவிடலாகாது. சிவப்புத் தாள் சிவந்த ஒளியை மட்டுமே விடும். பச்சைத் தாள் பச்சை ஒளியை மட்டுமே விடும். இரண்டும் மேற்பட்ட இடத்தில் எவ்வொளியும் செல்லாமல் கருத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் ஏறிய தாளும் தொங்கும் துணியும் உள்ள இடத்தில் அகல், கற்பூரம், மெழுகுவத்தி ஒன்றும் கூடாது. முன்னோர் எண்ணெய் விளக்கில் ஆடினர். அவர்களுடைய பாவை தோலால் ஆனது, கையும் பழகியது. நமக்கு அதிகம் சூடேறாத எல்.இ.டி. பல்பே உரியது. திருவிளக்கைப் பெருமாள் திருமுன் தனியே ஏற்றி ஸேவித்துவிட்டுக் கூத்தைத் தொடங்குக.

முதற்கூத்துக்கு ஒரு கதை

முதலிலேயே இராமாயணம் முழுவதையும் ஆட முற்பட்டால் குழந்தைகள் களைத்துவிடுவர். நம் கடற்கரைக்கே உரிய கதை ஒன்று உண்டு. பூதத்தாழ்வார் அவதரித்த தலமாகிய திருக்கடல்மல்லையில், ஸ்தலசயனப் பெருமாள் தரையிலே பள்ளிகொண்ட வரலாறே அது.

புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பறித்து, திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானுக்குச் சாத்த விரும்பினார். கடல் வழி மறித்தது. கடல்நீரைக் கையாலேயே இறைத்து வழி செய்துவிடலாம் என்று இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தார். முதியவர் ஒருவர் வந்து, இது ஆகக்கூடிய காரியமா என்று வினவி, தமக்குப் பசி என்றார். ரிஷி உணவு தேடிச் சென்று மீண்டபோது, வந்த முதியவரைக் காணவில்லை. அத்தாமரைகளையே சூடிக்கொண்டு, எம்பெருமான் வெறுந்தரையில் சயனித்திருந்தான் என்பது தலபுராணம்.

இதற்கு மூன்று பாவைகளும் ஒரு கூடையும் இரண்டு அலைகளும் போதும். ரிஷிக்கு வலக்கை மட்டும் அசையட்டும். நீர் இறைப்பதே அவருடைய செய்கை. முதியவருக்கு மூட்டே வேண்டா. கோலூன்றிய உருவம் போதும். அலைகளை நீல வண்ண நீள்துண்டுகளாக வெட்டி, இருவர் எதிர்த்திசைகளில் அசைத்தால் கடல் பொங்கும். பெருமாளின் திருவுருவத்தைப் பதினெட்டு அங்குல நீளத்தில் அமைக்கலாம். குழந்தைகள் பழக்கத்தால் ஆதிசேஷனையும் எழுதிவிடுவர். இத்தலத்தில் அரவணை இல்லை, அடியவனுக்காக விரைந்தவன் தரையிலே கிடந்தான் என்பதைச் சொல்லித் திருத்துக. அத்திருத்தமே இக்கதையின் பாடம்.

ரிஷி உணவோடு மீளும் தருணத்தில் விளக்கை அணைத்துவிடுக. இருளிலே பெருமாளின் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, அலைகளை நீக்கி, மறுபடியும் விளக்கை ஏற்றுக. குழந்தைகள் மூச்சடங்கி நோக்குவர். சந்நிதியிலே திரை விலகும்போது நமக்கு உண்டாகும் ஆனந்தமும் அத்தகையதே அன்றோ? சந்நிதியில் திரை மறைக்கிறது. இங்கே திரையே காட்டுகிறது. அந்நிலையில் அவையோர் அனைவரும் திருநாம சங்கீர்த்தனம் செய்து கூத்தை நிறைவு செய்க.

பிரதிஷ்டை ஆகாத பாவை அர்ச்சாமூர்த்தி ஆகாது. ஆயினும் அவனை நினைத்துச் செய்த உருவம்; தரையில் எறிதலும் மிதித்தலும் கூடா. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த ஏகாதசிக்கோ ஸ்ரீராமநவமிக்கோ எடுத்துக்கொள்க.

திரை உணர்த்தும் தத்துவம்

உலகம் நிழலைப் போன்றது. ஆகவே பொய் என்று சொல்வோர் உளர். நம் ஆசாரியர்கள் அவ்வாறு அருளவில்லை. திரையில் விழும் நிழல் பொய்யன்று. விளக்கும் பாவையும் திரையும் உண்மையாக இருப்பதனாலேயே நிழல் உண்மையாக விழுகிறது. மூன்றில் ஒன்று நீங்கினாலும் நிழல் இல்லை. சித்து, அசித்து, ஈச்வரன் என்னும் தத்துவத்ரயத்தைச் சிறு பிள்ளைக்கு உணர்த்த இதுவே ஒரு வாயில். மூன்றும் மெய், மூன்றும் பிரியாதவை, ஒளியின்றி மற்ற இரண்டும் விளங்கா.

திரைக்குப் பின்னே நிற்பவரை அவையோர் காண்பதில்லை. அனைத்துக் குரலும் அவருடையதே. அனைத்து அசைவும் அவர் கையாலேயே. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லா உயிர்களின் ஹ்ருதயத்திலும் நின்று, யந்திரத்தில் ஏற்றியவற்றைப் போல் அவற்றை இயக்குபவனாகப் பகவான் தன்னைக் கூறிக்கொள்கிறான். பாவைக் கூத்தைக் கண்ட குழந்தைக்கு அந்தர்யாமித்வம் விளங்குவது எளிது.

ஆனால் உவமையை அளவோடு கொள்ள வேண்டும். பாவைக்கு அறிவில்லை, ஜீவாத்மாவுக்கு அறிவுண்டு. ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனமானதே ஆயினும், ஜீவன் செய்யும் முயற்சியை நோக்கியே பரமன் அனுமதி அளிக்கிறான் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் பகவத் ராமாநுஜர் காட்டிய நிர்வாகம். ஆகவே, ‘ஆட்டுவிப்பவன் அவன், நான் செய்த பிழைக்கு நான் என் செய்வேன்?’ என்று ஒருவன் கூறுதல் பொருந்தாது. பாவைக்கு அவ்வாறு கூறும் உரிமையுண்டு, நமக்கு இல்லை. புண்டரீகர் பாவையாக நின்றிருந்தால் கடலை இறைத்திருக்க மாட்டார். கடலை அவரால் வற்றச் செய்ய முடியவில்லை. ஆனால் அவர் இறைத்ததைக் கண்டே பெருமான் எழுந்தருளினான்.

நாம் செய்யத் தக்கது

அட்டைப் பாவை, தோற்பாவைக்கு ஈடாகாது. இல்லத்தில் ஒரு பாவையை வெட்டிப் பார்த்தவருக்கே, நூற்றுக்கணக்கான பாவைகளைப் பெட்டியில் சுமந்து ஊர் ஊராகச் சென்று பத்து இரவும் தனியொருவராகப் பேசி ஆடியவரின் அருமை விளங்கும். அவ்வருமையை உணர்ந்தபின் வாளாவிருத்தல் தகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டை அடுத்து 1996ஆம் ஆண்டு தொடங்கிய தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் தென்னாட்டுக் கைவினைகளையும் நாட்டார் கலைகளையும் பேணி வருகிறது. மாமல்லபுரத்திற்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் வரும் அன்பர்கள் குழந்தைகளை அங்கும் அழைத்துச் செல்லலாம்.

அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. தங்கள் ஊர்த் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்திற்கும் பணம் ஒதுக்கும் விழாக் குழுவினர், ஓர் இரவைத் தோற்பாவைக் கூத்துக்கு ஒதுக்கட்டும். கலைஞரை மரியாதையோடு அழைத்து, உணவும் தங்கும் இடமும் அளித்து, மற்றக் கலைஞர்க்குத் தரும் ஸம்பாவனையைக் குறைவின்றி அவர்களுக்கும் அளிக்கட்டும். கோயிலுக்கு வெளியே நின்று இராமகதையைக் காத்தவர்களைக் கோயில் வாசலிலே வரவேற்று அமர்த்துவது, நெடுநாள் நின்றுபோன கடனை அடைப்பதாகும்.

குழந்தைகள் கையில் கத்தரியும், நாவில் திருநாமமும், திரையில் நீலமேக ச்யாமளனும் விளங்குவதாக. ஸ்தலசயனத்து எம்பெருமான் அனைவர்க்கும் திருவருள் புரிவானாக.

சுபம்.